சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று சொன்ன வருஷம்



போன மாசம் கோல லங்காட் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குச் சந்தா வசூலுக்குப் போயிருந்தேன். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். மதியம் இரண்டு மணி இருக்கும். ஆபீசுக்குப் போகிற செம்மண் சடக்கில் ஒரு வங்காளதேசத்துப் பையன் பழைய சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். பின்னால் சின்ன மானேஜரின் வண்டி வந்தது. பையன் திரும்பிப் பார்த்தான். சைக்கிளை விட்டு இறங்கினான். புல்லில் ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டு, வண்டி தாண்டிப் போகிற வரைக்கும் நின்றான். அப்புறம்தான் ஏறினான். சடக்கு அகலமான சடக்கு. இரண்டு லோரி தாராளமாகப் போகலாம். ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை. வண்டியில் இருந்தவர் அவனைப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை.

என் பக்கத்தில் நின்ற நம்ம மண்டோர் அண்ணன், "பாத்தீங்களா தம்பி, எவ்வளவு மரியாதை! நம்ம பிள்ளைங்களுக்கு வருமா இது?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சைக்கிளை நான் நன்றாக அறிவேன். என் தாத்தா அதைப் பற்றி எத்தனையோ ராத்திரி லயத்து வாசலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அவர் இறங்கின சைக்கிள் அது. பிறகு ஒரு நாள் இறங்க மாட்டேன் என்று சொன்ன சைக்கிளும் அதுதான்.

நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி. மலாக்கா 1511-ல் விழுந்தது, 1957-ல் மெர்டேக்கா கிடைத்தது, எல்லாம் மனப்பாடம். நம்ம லயத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதனால் நமக்கெல்லாம் ஒரு நினைப்பு. சரித்திரம் என்பது லண்டனிலோ கோலாலம்பூரிலோ நடக்கிற காரியம், மழை மாதிரி அது மேலே இருந்து வரும், நாம் நனையலாம் அல்லது ஒதுங்கலாம் என்று. 1941-ஆம் வருஷத்துக் கிள்ளான் வேலை நிறுத்தத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இந்த நினைப்பு நிற்காது.

அப்போது என்ன நிலைமை என்று இளசுகளுக்குச் சொல்ல வேண்டும். 1930களின் ஆரம்பத்தில் ரப்பர் விலை விழுந்தபோது நம்ம ஆட்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குக் கூலியைக் குறைத்தார்கள். 1938-ல் மறுபடி கூலி வெட்டு வந்தபோது இந்திய அரசாங்கம் எரிச்சலடைந்து, கூலி வேலைக்கு ஆள் ஏற்றி அனுப்புவதையே நிறுத்திவிட்டது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் பிடித்துவரும் காலம் அதோடு முடிந்தது. பிறகு ஐரோப்பாவில் சண்டை மூண்டது. ரப்பர் தேவை ஏறியது. பண்டங்களின் விலையும் ஏறியது. கம்பெனிக்கு லாபம் கொட்டியது. பால் வெட்டுகிறவன் கூலி மட்டும் ஏறவில்லை. அதே மரத்தை வெட்டுகிற சீனத் தொழிலாளிக்கு நம்மைவிடக் கூடுதல் கூலி. கேட்டால், "சீனனுக்குச் செலவு அதிகம், தமிழனுக்குச் செலவு கம்மி" என்பார்களாம். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

கிள்ளான் வட்டாரத்தில் அப்போது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஆர். எச். நாதன். அவர் பால் வெட்டியவர் அல்லர். பத்திரிகைக்காரர். 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் வேலை பார்த்தவர். இந்த இடத்தில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன். நம்ம சங்கச் சரித்திரத்தின் முதல் பெரிய அத்தியாயத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்காரரின் பெயர் இருக்கிறது. அந்த நாளில் ஒருவர் பத்திரிகை படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். எங்கள் லயத்தில் அப்படிப் படித்தவர் எங்கள் தாத்தாவின் சித்தப்பா. அவருக்கும் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஒரு தலையங்கம் முடிய அரை மணி ஆகும் என்று தாத்தா சிரிப்பார்.

1941-ன் தொடக்க மாதங்களில் தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. அவர்கள் கேட்டது என்ன? கூலி உயர்வு கேட்டார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். இதுவரைக்கும் எல்லாத் தொழிற்சங்கமும் கேட்கிறதுதான். ஆனால் பட்டியல் அங்கே நிற்கவில்லை. அடிக்கிற, திட்டுகிற கிராணிகளை மாற்று. பெண்களிடம் தகாதபடி நடக்கிற துரைமாரையும் கிராணிமாரையும் தடுத்து நிறுத்து. நல்ல வைத்தியம் கொடு. பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடு. கள்ளுக்கடையை மூடு. சங்கம் வைக்க, கூட்டம் போட உரிமை கொடு. எங்கள் சொந்தபந்தம், சிநேகிதர் தோட்டத்துக்குள் வந்துபோக விடு. துரைக்கு எதிரிலும் கிராணிக்கு எதிரிலும் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்.

கூலி கேட்கிற பட்டியலில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். அன்றைய துரைமாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். சைக்கிள் வைத்திருந்தவன் எவன்? நாலு காசு மிச்சம் பிடித்தவன். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகிறவன். பத்திரிகை வாங்கி வருகிறவன், படம் பார்க்கிறவன், பக்கத்துத் தோட்டத்தில் என்ன கூலி என்று விசாரித்து வருகிறவன். தோட்டம் என்பது அந்த நாளில் ஒரு பூட்டின வீடு. உள்ளேயே கடை, உள்ளேயே கள்ளு, உள்ளேயே ஆஸ்பத்திரி, உள்ளேயே கோயில், உள்ளேயே சுடுகாடு. அந்த வீட்டுக்கு வெளிக்காற்றைக் கொண்டுவந்தது சைக்கிள். அதை விட்டு இறங்கச் சொன்னால், "நீ வெளியே எங்கே போனாலும் போ, உள்ளே வந்தால் நீ கூலி" என்று அர்த்தம். இது துரைக்கும் தெரியும், இறங்கினவனுக்கும் தெரியும்.

என் தாத்தாவுக்கு அப்போது பதினேழு வயசு. அவரிடம் சைக்கிள் கிடையாது, அண்ணன் சைக்கிள். ஒரு நாள் கிராணி எதிரே வந்தபோது இறங்காமல் போய்விட்டார். மறுநாள் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடவில்லை. மூன்று நாள் வேலை இல்லை. "கூலி போனதுகூடப் பெரிசில்லடா, எங்கம்மா போய் அவன் கால்ல விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தாத்தா ரொம்ப நேரம் பேசாமல் இருப்பார்.

சரி, வேலை நிறுத்தம் என்ன ஆனது? சொல்லப் போனால் தோற்றது. ஏப்ரலில் கொஞ்சம் கூலி ஏற்றிக் கொடுத்து அடக்கப் பார்த்தார்கள். மே மாதம் ஆரம்பத்தில் நாதனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அவரை விடச் சொல்லித் தோட்டங்கள் மறுபடி கிளம்பின. மே நடுவில் சிலாங்கூரில் அவசர நிலை அறிவித்து, ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களைக் கைது செய்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பலரைத் தம் சொந்தத் தோட்டத்துக்கே திரும்ப விடவில்லை. மற்றவர்கள் மரத்துக்குத் திரும்பினார்கள். பார்ப்பதற்கு எல்லாம் பழையபடி ஆகிவிட்ட மாதிரிதான் இருந்தது.

ஏழு மாசம்தான். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான்காரன் கோத்தா பாருவில் கரையேறினான். எழுபதே நாளில், 1942 பிப்ரவரி 15-ல், சிங்கப்பூர் விழுந்தது. மே மாதம் ராணுவத்தைக் கூப்பிட்ட துரைமார் சாமான் மூட்டையோடு தெற்கே ஓடினதை நம்ம ஆட்கள் ரப்பர் மரத்தடியில் நின்று பார்த்தார்கள். "ஓடுறான்டா, நாய் குலைக்கக்கூட இல்ல, ஓடுறான்" என்று தாத்தாவின் அம்மா சொன்னாராம். இப்படி ஒரு காட்சியைக் கண்ணால் கண்டவனிடம் அப்புறம் மூன்றரை வருஷம் கழித்து வந்து, "சைக்கிளை விட்டு இறங்கு" என்று சொல்ல முடியுமா?

ஆனால் ஒன்று. ஜப்பான்காரன் வந்து நமக்கு விடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. சேலை போய்ச் சாக்கு வந்தது. கையில் வாழைமர நோட்டு, அதற்கு வாங்க ஒன்றும் இல்லை. அதைவிடக் கொடுமை சயாம் ரயில். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகள் அறுபதாயிரம் பேர் அளவில் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறை இருக்கிறது, பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சத்துக்கு மேல். செத்தவர்கள் வெள்ளைக்காரக் கைதிகளைவிடப் பல மடங்கு. அதில் மலாயாத் தோட்டத்துத் தமிழர் பல்லாயிரம். கணக்கு எழுதி வைத்தவன் இல்லை. என் தாத்தா போய்த் திரும்பினவர். அவர் லயத்திலிருந்து பதினோரு பேர் போனார்கள், மூன்று பேர் வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே புண் அரித்த குழியில் நான் சின்ன வயசில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அதே காலத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். இந்திய தேசிய ராணுவத்தில் தோட்டத்து ஆட்கள் சேர்ந்தார்கள். ஜான்சி ராணி படையில் பால் வெட்டின நம்ம பெண்கள் சேர்ந்து துப்பாக்கி பிடித்தார்கள். படிப்பு வாசனை இல்லாத பெண் வரிசையில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் "இருக்கிறேன்" என்று தலை நிமிர்ந்து பதில் சொன்னாள். பிரட்டுக்களத்திலும் பெயர்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் இது வேறு. இந்தப் படையால் இந்தியாவுக்கு எவ்வளவு பிரயோஜனம் என்று பண்டிதர்கள் விவாதம் செய்யட்டும். தோட்டத்தில் அதன் பலனை நான் பார்த்திருக்கிறேன். சண்டை முடிந்து பிறந்த பிள்ளைகளில் எத்தனை சுபாஷ், எத்தனை சந்திர போஸ், எத்தனை ஜான்சி! மூக்கன், கறுப்பாயி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த லயத்தில் திடீரென்று தலைவர்கள் பிறந்தார்கள். குலசாமி பெயர் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அது வேறு கதை.

1945-ல் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். வந்து பார்த்தால் சலாம் இல்லை! 1946-லும் 47-லும் தோட்டம் தோறும் சங்கம். கெடாவில் தொண்டர் படை எழும்பிக் கள்ளுக்கடைக்கு முன்னால் மறியல் செய்தது. 1947-ல் பீடோங் பக்கம் போலீசோடு மோதல் நடந்து ரத்தம் சிந்தியது. ராணுவத்தில் பழகின நடையை நம்ம பையன்கள் கள்ளுக்கடை வாசலில் நடந்து காட்டினார்கள். 1941-ல் பட்டியலில் எழுதிக் கேட்டதை 1947-ல் நேரே போய்ச் செய்தார்கள். தோற்றுப்போன வேலை நிறுத்தம் இப்படித்தான் ஆறு வருஷம் மண்ணுக்குள் கிடந்து முளைத்தது. இந்த இடத்தில் சரித்திர ஆசிரியர்கள் சண்டையையும் ஜப்பானையும் காரணமாகச் சொல்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று 1941-லேயே தெரிந்து வைத்திருந்ததால்தான் நேரம் வந்தபோது கேட்க வாய் இருந்தது. வெறும் குழப்பம் மட்டும் வந்திருந்தால் கொள்ளையடித்துவிட்டு மறுபடி பிரட்டுக்குப் போயிருப்போம்.

1948 ஜூனில் அவசர காலம் வந்தது. சங்கங்களின் சம்மேளனத்தைக் கலைத்தார்கள். அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே 4-ல் கோலாலம்பூரில் தூக்கில் போட்டார்கள். வீரசேனனை அதற்கு முதல் நாள் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் கொள்கை வேறு, என் கொள்கை வேறு. ஆனாலும் மே மாதம் வந்தால் மனசு கனக்கிறது. பிறகு 1954-ல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அது நமக்கு வாங்கிக் கொடுத்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் சங்கத்தில் இருபது வருஷமாகச் சுற்றுகிறவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவசர காலத்தின் பயம் நம்ம நாக்கில் தங்கிவிட்டது. காசுக் கணக்கு பேசினோம், நன்றாகவே பேசினோம். 1941-ன் பட்டியலில் காசுக்குப் பிறகு வந்த வரிகளைப் பேசுவது குறைந்துபோயிற்று.

இனி இந்தக் காலத்துக்கு வருகிறேன். பலருக்குப் பிடிக்காது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நம்ம பிள்ளைகள் டவுனுக்குப் போனார்கள். லயத்தில் இன்று இருப்பது இந்தோனேசியன், வங்காளதேசி, நேப்பாளி. "அவன் வந்துதானே தம்பி நம்ம கூலி ஏறாம போச்சு?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மை. அவனாகக் கப்பலேறி வந்து நம்ம கூலியைக் குறைக்கவில்லை. கூலியைக் குறைவாக வைக்க விரும்பினவர்கள் அவனைக் கொண்டுவந்தார்கள். "வங்காளிக்குச் செலவு கம்மி" என்று ஒரு ஆபீசில் என் காதாலேயே கேட்டேன். எண்பது வருஷத்துக்கு முன்னால் யாரைப் பற்றி இந்த வாக்கியத்தைச் சொன்னார்கள்?

நாமும் பெர்மிட்காரர்களாக இருந்தவர்கள்தான். 1969-க்குப் பிறகு சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம்ம ஆட்களிடம் வேலை பெர்மிட் கேட்டார்கள். இந்த மண்ணில் நாற்பது வருஷம் பால் வெட்டியவர்கள் "அந்நியர்" ஆனார்கள். பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். ரஜூலா கப்பலில் அனுப்பி வைத்துவிட்டு வந்து அழுத குடும்பங்கள் இந்தப் பத்தியைப் படிப்பவர்களில் இன்றைக்கும் இருக்கும். அந்த வேதனை பட்ட நாம், இன்னொருவனின் பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கலாமா? அடுத்தவன் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966-ஆம் வருஷச் சட்டப்படியே குற்றம்.

2020-ல் அமெரிக்கா நம்ம நாட்டின் இரண்டு பெரிய செம்பனைக் கம்பெனிகளின் எண்ணெயைக் கட்டாய உழைப்பின் பேரில் தடுத்து நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் ஏஜெண்டுகளுக்குத் தொழிலாளி கட்டின பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சே பலமாக எழுந்தது. ஒரு கம்பெனிக்கு 2023-ல் தடை நீங்கியது. நல்லதுதான். ஆனால் இந்தத் திருப்பம் வாஷிங்டனிலிருந்து வந்தது. நம்ம சங்கக் கொட்டகையிலிருந்து வரவில்லை. பக்கத்து லயத்தில் நடப்பதை அமெரிக்கக்காரன் சொல்லித்தான் தெரிந்துகொண்டோமா? தெரியும். எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. அது நமக்கும் உண்டு, அவனுக்கும் உண்டு. அவன் கையில் அது முழுசாகப் போய்ச் சேராத தோட்டத்தில், நம்ம கையில் அதற்கு மேலே ஒரு காசு வாங்குவது லேசான காரியமா? யோசித்துப் பாருங்கள். 1941-ல் சீனனுக்குக் குறை என்று நாம் கேட்கவில்லை. நமக்கு ஏற்று என்று கேட்டோம்.

அன்றைக்கு மண்டோர் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். தாத்தா கதையையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். "அது சரி தம்பி, ஆனா அவன் பேசுறது நமக்குப் புரியாதே" என்றார். நியாயமான பேச்சு. நாதன் காலத்தில் தமிழ் தெரியாத கிராணிகளை மாற்றச் சொன்னதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்திருக்கிறோம். சங்கத்தில் உறுப்பினராகச் சேர அந்நியத் தொழிலாளிக்குச் சட்டத்தில் தடை இல்லை. மனுத்தாளை வங்காள மொழியிலும் அச்சடித்து வைத்திருக்கிறோம். கிள்ளானில் கடை வைத்திருக்கும் ஒரு வங்காளதேசத்துக்காரர் மொழிபெயர்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சைக்கிள் பையனையும் கூப்பிட்டிருக்கிறேன். வருவானா என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்கு வேலை போடுகிறார்களாம். அதையும் அன்றைக்குப் பேச வேண்டியிருக்கிறது. மண்டோர் அண்ணன் நாற்காலி எடுத்துப் போடுகிறேன் என்றார். பேசுவாரா என்று கேட்டேன். "பாப்போம்" என்றார்.